கேக்கு இருக்கட்டும், குடத்தை எடு

வாடா அப்பு, வா. கையில என்ன, அட்டைப் பெட்டியா? பொஞ்சாதிக்குப் பிறந்தநாளுன்னு ராமநாதபுரம் வரைக்கும் பைக்குல போயிட்டு வந்தியாக்கும்! பாம்பன் பாலத்துக் காத்துல பெட்டி பறக்காம வந்ததே பெரிய சமர்த்துதான். எங்க, தெறந்து காட்டு. அடடா, வெயிலுக்கு உருகி உம் பேரும் அவ பேரும் ஒண்ணாக் கலந்து கிடக்கே. அன்புன்னா இதுதாண்டா!

பொஞ்சாதி எங்க? பாசி எடுக்கப் போயிட்டாளா. அதானே, உனக்குத்தான் லீவு. ஏப்ரல் 15 லருந்து 61 நாளு மீன்பிடித் தடைக்காலம். மீனு குஞ்சு பொரிக்கட்டும்னு அரசாங்கம் விட்ட லீவு. மீனுக்கு விட்ட லீவுல நீ திண்ணையில கால் நீட்டுற. நியாயந்தான், மீனு ஒண்ணும் கோவிச்சுக்காது.

அவ விரலைப் பாத்திருக்கியா நீ? மரிக்கொழுந்துப் பாசி பாறையை இறுக்கிப் பிடிச்சுக் கிடக்கும். முங்கி அதைப் பிய்க்கணும். விரல் கிழிஞ்சிரும்னு துணியைச் சுத்திக்கிட்டுத்தான் பொம்பளைக எறங்குறாக. இடது கைக்கு வலது கையால கட்டிரலாம். வலது கைக்கு? பல்லால கடிச்சு முடிச்சை இழுக்குறா. அந்நேரம் நீ பல்லைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கிட்டு இருக்க. சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015ல அமெரிக்காக்காரன் சீகாலஜி விருது கொடுத்தானே, அதை வாங்குனதும் இப்பிடித் துணியைச் சுத்தி முங்குன கைதான்.

பழைய வேட்டி ஒண்ணை எடு. புதுசு வேணாம், கஞ்சி உறுத்தும். நூல் நைஞ்சு மெத்துன்னு இருக்கணும். ரெண்டு விரக்கடை அகலத்துல பத்துத் துண்டு ராத்திரியே கிழிச்சு அவ கண்ணாடி பக்கத்துல வையி. விடியக்காலம் நீயே கட்டிவிடு. ரொம்ப இறுக்காத, விரல் மரத்துப் போகும். வேட்டி போகுதேன்னு கவலைப்படாத, நீ கட்டுறது கைலிதான.

அடுத்து சாப்பாடு. பள்ளிவாசல் தெருவுல அப்துல் கலாம் வீட்டைப் பாக்க உலகமே வருது. நீயும் போயி போட்டோ எடுத்த. அந்த வீட்டுக் கதை தெரியுமா? யுத்த காலம், எல்லாம் ரேசன். சின்னப்புள்ளையா இருந்த கலாம் சாப்பிடச் சாப்பிட அம்மா ரொட்டியைப் போட்டுக்கிட்டே இருந்தாகளாம். அப்புறந்தான் அண்ணன் தனியாக் கூப்பிட்டு, அம்மா பங்கையும் நீயே தின்னுட்டடான்னு சொல்லியிருக்காரு. கேட்ட புள்ள ஓடிப்போயி அம்மாவைக் கட்டிக்கிச்சு. பின்னால எஞ்சினியர் படிப்புக்குப் பணமில்லைன்னு அக்கா ஜொஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சாக. உடனே நீ உங்க அக்கா கழுத்தைப் பாக்காத! நான் சொல்ல வந்தது வேற. ரெண்டாவது தடவை கொழம்பு கேக்குறதுக்கு முன்னாடி சட்டியை எட்டிப் பாரு. காசா, பணமா? கழுத்தைத்தான் கொஞ்சம் வளைக்கணும்.

அப்புறம் தண்ணி. அங்கதான் ஆம்பளைக அன்பு வத்திப்போகுது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியவே வாரிக்கிட்டுப் போச்சு. ஆனா அந்த மணல்ல ஊத்து இன்னும் சுரக்குது. கடல் கூப்பிடு தூரத்துல கெடக்கு, தோண்டுனா நல்ல தண்ணி! மழைத்தண்ணி கனம் கம்மி, உப்புத்தண்ணி மேல மிதக்குது. பேராசைப்பட்டு ஆழத் தோண்டுனியோ, உப்பு ஏறிரும். வாளியைப் போட்டா கலங்கிரும். சிரட்டையால மோந்து மோந்துதான் குடம் நெறைக்கணும். நின்னு மோக்கப் பொறுமை வேணும், அதனாலதானோ என்னமோ ஊத்துக் கரையில ஆம்பளையவே காணோம். நம்ம தெருவுல மட்டும் என்ன வாழுது? தள்ளுவண்டியில குடத்தை அடுக்கி உம் பொஞ்சாதி தள்ளுறா. நீ பின்னாலயே வந்து, "பாத்து, பள்ளம்"ங்குற. அக்கறைதான்!

என்ன, உள்ளருந்து உங்க அப்பத்தா என்னமோ சொல்றா? கல்யாணம் ஆயி அம்பத்திரெண்டு வருசத்துல இந்த மனுசன் ஒரு குடம் தூக்குனதில்லையாமா? கூப்பிட்டா கேக்காத காது, இதுக்கு மட்டும் எப்பிடிக் கேக்குதுன்னு பாரு.

சரி, பேச்சை விடு. வெயில் ஏறுறதுக்குள்ள வண்டியை எடு. பெட்டியை அப்பத்தா கிட்டக் குடுத்துட்டு வா. பெரிய குடமெல்லாம் உனக்கு. அந்தச் சின்னக் குடத்தை எங்கிட்டக் குடு.