பழனி ஏறியவர்

"நானெல்லாம் பழனிமலைய மூச்சு வாங்காம ஏறினவன்." இந்த ஒரு வரிதான் அவருடைய மருத்துவச் சான்றிதழ். மாசி பிறந்து, வெள்ளியங்கிரிக்கு வேன் பேசலாமா என்று அலுவலகத்தில் யாராவது வாயெடுத்ததும் அதை எடுத்து நீட்டிவிடுவார். வயது நாற்பத்தாறு. ரத்தக்கொதிப்புக்குக் காலையில் ஒரு மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை அதற்கும் லீவு. இரண்டாம் மாடி கேன்டீனுக்குப் போக லிஃப்ட் வரும்வரை சுவரில் சாய்ந்து நிற்பார், லிஃப்ட் பழுது என்றால் டீயைக் கீழேயே வரவழைப்பார். "ஏழு மலையாச்சே சார், ஏறிருவீங்களா?" என்று புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அக்கறையோடு கேட்டால், அவனை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். அன்றைக்கு அவர் செய்கிற ஏற்ற இறக்கம் அது ஒன்றுதான். அதன்பிறகு பழனி தொடங்கும்.

பழனி நடந்தது ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், தங்கைக்கு மொட்டை போடக் குடும்பத்தோடு போனபோது. கதை முதன்முதலாக அரங்கேறியபோது அடிவாரத்திலிருந்து சன்னதிக்கு முப்பது நிமிடம் பிடித்தது. வேலை மாறிய பிறகு இருபது ஆயிற்று. பதவி உயர்வுக்குப் பின் பன்னிரண்டு. தங்கையும் தோளில் ஏறிக்கொண்டாள். இடுப்பளவு ஏற ஏற வேகமும் ஏறிக்கொண்டே போவதால், ஓய்வுபெறும் நாளில் அவர் கிளம்புவதற்கு முன்பே உச்சியை அடைந்திருப்பார் என்று எதிர்பார்க்கலாம். கதையில் ஒரே ஓட்டையைப் போட்டவர் அவர் மனைவி. "வரும்போது விஞ்ச்லதான வந்தீங்கன்னு அத்தை சொன்னாங்க?" என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டார். "அது அம்மாவுக்குத் துணைக்குப் போனது" என்று பதில் வந்தது. அதிலிருந்து கதை சன்னதியோடு முடிந்துவிடுகிறது. இறங்குவது பற்றி அதில் பேச்சே இல்லை. மலையேற்றம் பற்றி அவர் வைத்திருக்கும் கருத்திலும் அதே இடத்தில் அதே ஓட்டை இருக்கிறது என்பதுதான் நம் கவலை.

அந்தப் பழனியையே சாட்சியாக எடுத்துக்கொள்வோம். முதல் கேள்வி, ஏறியது யார்? நாற்பது கிலோவைத் தொடாத, நாள் முழுக்கத் தெருவில் ஓடித் திரிந்த ஒரு பையன். இன்றைக்கு ஏறப்போகிறவர், அந்தப் பையனையும் அவன் எடைக்கு இன்னொருவனையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஏற வேண்டியவர். நல்ல பயிற்சியில் இருக்கும் விளையாட்டு வீரருக்கே பயிற்சியை நிறுத்திய சில வாரங்களில் மூச்சுத்திறன் இறங்கத் தொடங்கிவிடும். முப்பது வருட இடைவெளி பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. உடல்வலு என்பது செல்போன் ரீசார்ஜ் போல. வேலிடிட்டி முடிந்துவிட்டால் எப்போதோ எவ்வளவு போட்டோம் என்ற கணக்கைக் காட்டி ஒரு கால் பேச முடியாது.

இரண்டாவது கேள்வி, ஏறியது எவ்வளவு? பழனிக்கு 693 படிகள். படி ஒன்று அரையடி உயரம் என்று வைத்தால் மொத்தம் 350 அடிக்குள் அடங்கும். வெள்ளியங்கிரி உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி என்பார்கள். பூண்டி அடிவாரமே சற்று மேட்டில் இருப்பதால் தாராளமாக இரண்டாயிரம் அடியைத் தள்ளுபடி செய்தாலும் 4,000 அடி மிஞ்சுகிறது. அவருடைய அளவுகோலிலேயே சொன்னால் பதினோரு பழனிக்கு மேல். ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் விஞ்ச் இல்லாமல். அத்தனையும் ஒழுங்கான படிக்கட்டும் இல்லை. முதல் மலையில் படிகள் உண்டு. வெள்ளைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு மேலே போகப் போகப் பாறையும் வேரும் சறுக்கும் மண்ணும்தான். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு எளிய கணக்குச் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் என்று கொண்டால், பயிற்சியுள்ளவர் நிற்காமல் ஏறவே மூன்றேகால் மணி நேரம் ஆகும். நம்மவர் போட்டிருக்கும் திட்டம்: "பத்து மணிக்கு ஏறுறோம், பன்னண்டரைக்கு தரிசனம், ரெண்டுக்குக் கீழ, காலைல டிபன் அன்னபூர்ணாவுல." டிபன் மெனுவரை யோசித்தவர் கீழே இறங்கும் முழங்காலைப் பற்றி யோசிக்கவில்லை.

அவரிடம் வேறு சான்றுகளும் உண்டு. புது ஷூ இருக்கிறது. இன்னும் கடித்துப் பார்க்காத ஷூ. கையில் பத்தாயிரம் அடி எண்ணிக் காட்டும் வாட்ச் இருக்கிறது. அந்தப் பத்தாயிரம் 1965-இல் ஜப்பானில் ஒரு நடைமானியை விற்கப் பிடித்த எண்ணாகப் புழக்கத்துக்கு வந்தது. நல்ல எண்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் சமதரையில் நாள் முழுக்கச் சிந்திய அடிகளுக்கும், செங்குத்தில் நிறுத்தாமல் வைக்கும் அடிகளுக்கும் அந்த வாட்ச் ஒரே விலை போடுகிறது. இதயம் அப்படிப் போடுவதில்லை.

அப்படியானால் எதை நம்புவது? மருத்துவர்களிடம் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. பெரிய அறுவைசிகிச்சைக்கு முன், "ரெண்டு மாடி நிக்காம ஏறுவீங்களா?" என்பார்கள். அதைச் செய்ய முடியாதவருக்குக் கட்டிலில் படுத்திருக்கும்போதே ஆபத்து கூடுதல் என்றால், மலையில் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இது கீழ்வரம்பு மட்டுமே. மலைக்கு வேண்டிய சான்றுக்கு மூன்று குணங்கள் வேண்டும். அது இந்த மாதத்துச் சான்றாக இருக்க வேண்டும். ஏறப்போகும் மலையோடு கொஞ்சமாவது ஒத்த வேலையில் கிடைத்திருக்க வேண்டும். ஏறியதோடு நிற்காமல் இறங்கியதையும் சேர்த்திருக்க வேண்டும். கோவைக்காரருக்கு இதற்காக எங்கும் அலைய வேண்டாம். மருதமலைப் படிகள் இருக்கின்றன. முதுகில் தண்ணீர்ப் பையோடு அடுத்தடுத்து மூன்று நான்கு தடவை ஏறி இறங்கட்டும். ஏறும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, அல்லது ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு குறுக்கிடுகிறதா என்று கவனிக்கட்டும். பேச்சு அறுந்தால் வேகம் தாங்கவில்லை என்று பொருள். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்காதவருக்கும் இறக்கத்தில் கால் நடுங்குவது அதனால்தான். சோர்ந்த கால், விடியற்காலை இருட்டு, பனி படிந்த பாறை மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதும் இறக்கத்தில்தான். மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்து நடக்க முடிகிறதா என்பதையும் மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்ளலாம். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம்மவர் அதைச் செய்யமாட்டார். தோற்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் உள்ளே எங்கோ இருக்கிறது. அந்த பயத்தின் சத்தம் கேட்காமலிருக்கத்தான் பழனி அவ்வளவு உரக்க ஒலிக்கிறது.

இதற்கு அவர் தரப்பில் பதில் இல்லாமலில்லை. "எழுவது வயசுக் கிழவி வெறுங்கால்ல ஏறுறா, எனக்கென்ன?" என்பார். உண்மைதான், ஏறுகிறார்கள். அந்தப் பாட்டி ஐம்பது வருடம் காட்டுவேலை செய்து, தண்ணீர் சுமந்து, பஸ் இல்லாத ஊருக்கு நடந்தே போய்வந்தவர். வயதில் மூத்தவராக இருக்கலாம், உடல்வலுவில் நம்மவரைவிட இளையவர். தவிர, உச்சியில் நாம் பார்ப்பது உச்சிவரை வந்து சேர்ந்த பாட்டிகளை மட்டுமே. இரண்டாம் மலையில் உட்கார்ந்துவிட்டவர்கள் அங்கே நம் கண்ணில் படுவதில்லை. அடுத்து, "ஜிம்முக்குப் போற பசங்களே சாகுறாங்க, டெஸ்ட் எடுத்து என்ன ஆகப்போகுது?" என்பார். இதுவும் முழுப்பொய் இல்லை. பரம்பரையாக வரும் இதயத்தசைத் தடிப்பு போன்ற கோளாறுகள் வெளியே தெரியாமல் இளைஞர்களைச் சாய்த்துவிடுவதுண்டு. எந்தச் சோதனையும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் தராது. ஆனால் ஹெல்மெட் போட்டவரும் இறக்கிறார் என்பதற்காகத் தலையைத் திறந்துபோட்டுக்கொண்டு போவதில் நியாயம் இல்லை. தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது என்பது, தெரிந்த ரத்தக்கொதிப்பை மறந்துவிடுவதற்குக் காரணம் ஆகாது.

கடைசி ஆயுதம் சாமி. "அவன் கூப்பிட்டா ஏத்திவிட்டுருவான்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். அதன்பிறகு எதிர்த்துப் பேசுகிறவன் நாத்திகன். பக்தியைக் கேள்வி கேட்க இங்கே இடமில்லை, தேவையும் இல்லை. ஆனால் வெள்ளியங்கிரியைத் தென்கயிலாயம் என்கிறோமே, அந்த வடகயிலாயத்துக்கு இந்திய அரசு வழியாகப் போகிறவரின் பாடு என்ன? வயது 70-ஐத் தாண்டக்கூடாது. பிஎம்ஐ 25-ஐத் தாண்டக்கூடாது. டெல்லியில் ஒரு மருத்துவப் பரிசோதனை. அதில் தேறி மலைவழியில் மேலே போன பிறகு இன்னொன்று. அங்கே தவறினால் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அமர்நாத்துக்கும் மருத்துவச் சான்று கட்டாயம். சிவன் அழைத்த இடத்திலேயே சிவனடியார் டிரெட்மில்லில் ஓடிக் காட்ட வேண்டியிருக்கிறது என்றால், பக்தியும் பரிசோதனையும் ஒரே பையில் இருக்கலாம் என்றுதானே அர்த்தம்? தென்கயிலாயத்து அடிவாரத்தில் நம்மவர் வாங்குவது ஒரு மூங்கில்தடி மட்டும். இதய நோய், மூச்சுத்திணறல், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை பருவம்தோறும் சொல்கிறது. 2024 கோடையில் பக்தர்கள் அடுத்தடுத்து இறந்த செய்திகள் நாளிதழ்களில் வந்தபோதும் சொன்னது. அறிவிப்பு தன்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் என்று நினைப்பது நம்மவருக்குக் கைவந்த கலை.

இந்த இடத்தில் சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டுப் பேசலாம். அந்த மலைக்கு ஆம்புலன்ஸ் வராது. நான்காம் மலையில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், யாரோ நாலு பேர் இருட்டில் மேலே ஏறிப்போய், கம்பில் துணி கட்டி டோலியாக்கி, அவரைத் தூக்கிக்கொண்டு, அவர் இறங்க பயந்த அதே பாறைகளில் இறங்க வேண்டும். அந்த நாலு பேர் பெரும்பாலும் மலையடிவாரத்துப் பழங்குடி இளைஞர்களும் வனத்துறையின் கடைநிலை ஊழியர்களும்தான். அவர்களுக்கும் முழங்கால் உண்டு, வீட்டில் காத்திருக்கிறவர்கள் உண்டு. "என் உடம்பு, என் இஷ்டம்" என்ற வாதம் அடிவாரம்வரை செல்லும். முதல் மலையைத் தாண்டிவிட்டால் அந்த உடம்பு இன்னும் நாலு பேர் தோளை அடமானம் வைத்துக்கொண்டு ஏறுகிறது. கூட வந்த பத்துப் பேரின் பயணமும் அதோடு நின்றுபோகிறது. தன் தகுதியை அளந்து பார்க்காதவருக்குத் துணிச்சல்காரர் என்ற பட்டம் நம் ஊரில் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. டோலி தூக்குகிறவர்கள் அந்தப் பட்டத்துக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். அச்சில் போட முடியாது.

இத்தனைக்கும் அவர் இல்லாவிட்டால் வேன் நகராது. பணம் வசூலிப்பவர் அவர், டார்ச்சுக்கு பேட்டரி வாங்குபவர் அவர், வாய் ஓயாமல் வம்பளந்து யாரையும் தூங்கவிடாமல் பூண்டிவரை கொண்டுசேர்ப்பவரும் அவர்தான். முதல் மலையில் மூச்சுத்திணறும் பையனின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொள்ளும் நல்ல மனசு அவருக்கு உண்டு. அந்த மனசுக்கு ஏற்ற உடம்புதான் கொஞ்சம் பாக்கி. ஆகவே அவரை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வசூலிக்கும்போதே ஆளுக்கொரு பிபி அளவையும் வசூலிக்கட்டும், முதல் பெயராகத் தன்னுடையதை எழுதட்டும். நள்ளிரவு இத்தனை மணிக்குள் இந்த இடத்தைத் தொடாவிட்டால் திரும்பிவிடுவது என்று கிளம்பும் முன்பே எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளட்டும். மேலே போன பிறகு எடுக்கும் முடிவில் வீம்பும் களைப்பும் கலந்துவிடும். பாதியில் திரும்பினால் தெய்வகுற்றம் என்று யாராவது இழுத்தால், கோயிலைக் கட்டியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துவிட்டார்கள் என்று சொல்லலாம். மலையேற இயலாதவர்கள் கும்பிடுவதற்கு அடிவாரத்துப் பூண்டியிலேயே வெள்ளியங்கிரி ஆண்டவருக்குச் சன்னதி இருக்கிறது. அங்கே அர்ச்சனைச் சீட்டுக்கு ஈசிஜி கேட்கமாட்டார்கள்.