கையேடு எழுதியவருக்கு ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்: பாலக்கோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவன்.
பெறுநர்: இணையச் சேவைக் கையேடு எழுதும் பிரிவு. துறையின் பெயர் தங்களுக்கே தெரியும்.
பொருள்: ஏ.ஐ. ஏஜென்ட்டை வாசலிலேயே நிறுத்தி வைத்தமைக்கு நன்றி கூறுதல் தொடர்பாக.
பார்வை: தங்கள் 'பயனர் கையேடு', நாளிடப்படாதது.

ஐயா / அம்மா,

ஏ.ஐ. வந்து எங்கள் பிழைப்பைப் பிடுங்கிவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு அந்தக் கவலை இல்லை. எங்கள் தருமபுரி அந்தக் காலத்துத் தகடூர்; அதன் கோட்டையைச் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை எறிந்தான். அவனையே தங்கள் தளத்தில் ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தால், பேசாமல் சேரநாட்டுக்குத் திரும்பியிருப்பான்.

அக்கா மகன் பெங்களூரில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தவன், "மாமா, கையேட்டை மட்டும் குடுங்க, ஏஜென்ட்டே படிச்சுப் பார்த்து அப்ளை பண்ணிடும்" என்றான். கொடுத்தேன். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. தங்கள் கையேடு இன்னும் வானவில் எழுத்துருவில் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தமிழ். ஏஜென்ட்டுக்கோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. நாலாம் பக்கம் மட்டும் எப்படியோ யூனிகோடில் தப்பிவந்திருக்கிறது. "படத்தில் சிவப்பு வட்டமிட்ட பொத்தானை அழுத்தவும்" என்கிறது அது. படம் ஜெராக்ஸை ஸ்கேன் செய்தது. சிவப்பு, கறுப்பாகிவிட்டது.

அடுத்து ஏஜென்ட் ஊர்ப் பட்டியலில் அரூரைத் தேடியது. ஆங்கிலப் பட்டியலில் அது 'ஹெச்' எழுத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. இங்கே பிறந்தவனுக்குத் தெரியும், கையேட்டுக்குத் தெரியாது. 'மாவட்டம்' என்ற கட்டம் இன்னும் அருமை. பழைய பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றிருக்கும். 1965இல் தருமபுரி பிரிந்தது. ஓசூர்ப் பக்கத்து நிலமென்றால் 2004 முதல் கிருஷ்ணகிரி. பத்திரத்தில் உள்ளதைப் போடுவதா, இப்போது உள்ளதையா? ஏஜென்ட் சேலத்தைப் போட்டது. "தவறான உள்ளீடு" என்று பதில் வந்தது. எது தவறு என்று சொல்லாமல் விட்டதில்தான் தங்கள் கைவண்ணம் தெரிகிறது. ஏஜென்ட் பெயரை மாற்றிப் பார்த்தது, தேதியைத் திருப்பிப் போட்டது, கடைசியில் மன்னிப்புக் கேட்டது. (என் சென்டருக்கு வருகிறவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள்.)

வெளியே உலகம் வேறு திசையில் போகிறது. ஆந்த்ரோபிக் என்ற நிறுவனம் 2024 நவம்பரில் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்று ஒன்றை வெளியிட்டது. அதில் ஏஜென்ட் பயன்படுத்தும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்று இரண்டு வரி, என்னென்ன விவரத்தை எந்த வடிவில் தரவேண்டும் என்ற பட்டியல். இதைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பது என்று ஏஜென்ட் முடிவு செய்கிறது. எழுதியது மங்கலாக இருந்தால் ஊகிக்கும்; ஊகித்ததைத் தயக்கமில்லாமல் செய்தும் விடும். டெல்லியும் சும்மா இல்லை. வெளியிடுகிற ஒவ்வொரு ஏ.பி.ஐ.க்கும் (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) மாதிரி நிரலோடு முறையான ஆவணம் வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுக் கொள்கையிலேயே மத்திய அரசு எழுதி வைத்திருக்கிறது. நல்லவேளை, தாங்கள் அதைப் படிக்கவில்லை.

ஊரகப் பகுதிகளுக்கான 'மக்களுடன் முதல்வர்' திட்ட முகாம்கள் 2024 ஜூலை 11 அன்று நம் தருமபுரி மாவட்டத்துப் பாளையம்புதூரில்தான் தொடங்கின. அந்த மாதிரி முகாமில் மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருப்பார். "இந்தக் கட்டத்துல என்னங்க எழுதறது?" என்று கேட்டால் சொல்வார். இணையத்தில் அந்த ஆளுக்குப் பதிலாகத் தங்கள் கையேடு இருக்கிறது. அது வாய் திறக்காததால் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். போட்டோ சைஸைக் குறைக்கணும், இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி வைக்கக் கூடாது, ஓ.டி.பி. வரும்வரை பக்கத்தைத் தொடக் கூடாது: இவையெல்லாம் தங்கள் தளத்தின் விதிகள், ஆனால் என் தலைக்குள் மட்டும் இருக்கின்றன. வத்தல்மலையிலிருந்து இறங்கிவரும் பாட்டி அதற்குத்தான் பஸ் செலவு போக எனக்குக் காசு கொடுக்கிறார். ஏஜென்ட்டுக்குக் காட்டிய அதே "தவறான உள்ளீடு"தான் அவர் பேரனின் செல்போனிலும் வந்தது.

ஆகவே, எந்தக் கட்டத்தில் எதை, எந்த வடிவில் போடுவது, தவறினால் எதனால் தவறியது என்றெல்லாம் யாராவது எழுதச் சொன்னால், என் குடும்பத்தை நினைத்தாவது மறுத்துவிடுங்கள். இயந்திரத்துக்குப் புரியும்படி எழுதினால் அந்தப் பேரனுக்கும் புரிந்து தொலைக்கும்.

ஒன்றே ஒன்று மட்டும் எழுதிவிடுங்கள். பணம் கட்டும்போது பக்கம் நின்றுபோய், 'சமர்ப்பி'யை இரண்டாம் தடவை அழுத்தினால், அது அதே விண்ணப்பமா, புது விண்ணப்பமா? பணம் ஒருமுறை போகுமா, இருமுறையா? ஏஜென்ட் யோசிக்காமல் அழுத்தப் போனது, நான்தான் தடுத்தேன். வருகிறவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்புகிறேன். எனக்கே இதற்கு விடை தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் கையேட்டால் வாழ்பவன்