ஓடு சொல்லும் பதில்

காரைக்கால் வட்டார வாசகர்கள் மண்பாண்டக் கலை பற்றிக் கேட்டவை:

குயவருக்கும் ஸ்டுடியோ செராமிக் கலைஞருக்கும் என்ன வித்தியாசம்? (திருநள்ளாறு வாசகர்)

குயவரிடம் ஊர் வந்து கேட்கிறது: பொங்கலுக்குப் பானை, கார்த்திகைக்கு அகல், ஐயனாருக்குக் குதிரை. ஸ்டுடியோ கலைஞரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. என்ன செய்வது என்பதைத் தாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மண் பிசைவது முதல் சூளை பிரிப்பது வரை பாடு இருவருக்கும் ஒன்றுதான். யார் உயர்ந்தவர் என்று கேட்டு அடுத்த கடிதம் போடாதீர்கள். சக்கரம் அந்தக் கணக்குப் பார்ப்பதில்லை.

நம் பக்கத்தில் அப்படி யாராவது உண்டா? (கோட்டுச்சேரி வாசகி)

நம் யூனியன் பிரதேசத்திலேயே உண்டு. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் 1971-ல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். மீக்கர் கட்டடக்கலை படிக்கப் போய் மண்ணுக்கு வந்து சேர்ந்தவர். டெபோரா ஜப்பானின் பிசென் மரபில் வேலை பழகியவர். அங்கே பாண்டத்துக்கு மெருகுப் பூச்சு கிடையாது. விறகுத் தீயும் சாம்பலும் போடும் நிறம்தான் அழகு. இருவரும் உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, உயர் வெப்பத்தில் சுடும் ஸ்டோன்வேர் பாத்திரங்கள் செய்தார்கள். அங்கே கை பழகியவர்கள் தனிப் பட்டறை போட, சுற்றுவட்டாரத்தில் அதுவே ஒரு தொழிலாக வளர்ந்தது. 1980-களிலிருந்து மாணவர்கள் வந்து தங்கிக் கற்றார்கள். இன்று இந்தியாவில் மண்ணில் பெயர் பெற்ற கலைஞர்கள் பலர் அந்தப் பட்டறையில் கால் வைத்தவர்கள். அதன் தலைசிறந்த படைப்பு எது என்று கேட்டால், அந்த மாணவர்களைத்தான் சொல்வேன்.

மீக்கர் வீட்டையே சுட்டார் என்கிறார்களே, நிஜமா? (அம்பகரத்தூர் வாசகர்)

நிஜம். ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் முயற்சிகளைப் பார்த்து 1980-களில் இறங்கினார். பச்சை மண்கல்லால் சுவரும் வளைகூரையும் எழுப்பி, உள்ளே செங்கல்லும் ஓடும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கித் தீ வைத்தார். சுவர் வெந்தது, உள்ளே இருந்த சரக்கும் வெந்தது. சரக்கு விற்ற காசு எரிபொருள் செலவில் ஒரு பங்கைத் தாங்கியது. ஐப்பசி மழையில் மண்சுவர் கரைவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று விளக்கத் தேவையில்லை.

நம் ஊர்க் களிமண்ணில் காபிக் கோப்பை செய்யலாமா? (நிரவி வாசகி)

செய்யலாம், ஆனால் கசியும். காவிரி வண்டலில் இரும்பு உண்டு. சுட்டால் சிவப்பதும் அதனால்தான். 900 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை அந்த மண் நன்றாக நிற்கும். நீர் கசியாத ஸ்டோன்வேருக்கு 1,200 முதல் 1,300 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் இரும்பு மண்ணை இளக்கிவிடும்; கோப்பை குமிழ் விட்டுச் சாயும். வெள்ளைக் களி, ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் கலந்த மண்தான் அதைத் தாங்கும். வெள்ளைக் களி தேடி வெகுதூரம் போக வேண்டாம். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு அதுவும் கிடைக்கிறது. ஊர் மண்ணையும் ஒதுக்கிவிடாதீர்கள். அதைக் கரைத்து வடிகட்டி ஸ்டோன்வேர் மேல் பூசிச் சுட்டுப் பாருங்கள். இளகுவது அதன் குணம் அல்லவா? காபி நிறத்தில் உருகி, அதுவே மெருகாகிவிடும்.

அடைமழைக் காலத்தில் செய்த சாமான் காயவே மாட்டேன் என்கிறது. வெயில் தலைகாட்டியதும் வெளியில் வைக்கலாமா? (நெடுங்காடு வாசகர்)

வைக்காதீர்கள். விளிம்பு முந்திக் காயும், அடி பிந்தும், நடுவில் பிளக்கும். ஈர மண் காய்ந்து வெந்து முடிவதற்குள் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். எல்லாப் பக்கமும் சேர்ந்து சுருங்கினால்தான் உருவம் நிற்கும். பிளாஸ்டிக் தாளால் மூடி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம். அப்படியே சூளையில் ஏற்றினால், ஆவி வெளியேற வழியில்லாமல் வெடித்துவிடும்.

அமெரிக்கர்களைச் சொன்னீர்கள், தமிழர் ஒருவரைச் சொல்லக் கூடாதா? (திருமலைராயன்பட்டினம் வாசகர்)

சந்தோஷமாக. வில்லியனூர் சுடுமண் சிற்பி வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஸ்டோன்வேர் சூளை ஒரு பக்கம், சுடுமண் மரபு ஒரு பக்கம். இரண்டும் ஒரே புதுச்சேரியில் வாழ்கின்றன. ஒரு நாள் கிளம்பிப் போனால் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். போய் வாருங்கள்.

அரிக்கமேட்டுப் பானையோடுகள் ரோமாபுரியில் செய்தவையா? (காரைக்கால் வாசகி)

சில அங்கிருந்து வந்தவை. புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேட்டை 1945-ல் அகழ்ந்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், உள்ளே உருளைக் கோலமிட்ட தட்டுகளையும் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு என்றே கருதினார். பிற்பாடு களிமண்ணைச் சோதித்ததில் அவை இந்திய மண் என்று தெரிந்தது. வடிவத்தைப் பார்த்து ஊரைத் தப்பாகச் சொல்லிவிடலாம்; மண் தப்பாகச் சொல்லாது.

மகள் செராமிக் படிக்க வேண்டும் என்கிறாள். சோறு போடுமா? (நெடுங்காடு வாசகி)

போடும், ஆனால் தாமதமாகப் பரிமாறும். கோப்பையும் தட்டும் விற்றுச் சூளைச் செலவைக் கட்டிவிட்டு, மிச்ச நேரத்தில்தான் சிற்பம் என்று முதல் சில ஆண்டுகள் ஓடும். விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ நிறுவனம் இருக்கிறது, விசாரியுங்கள். அதற்கு முன் பக்கத்தில் உள்ள ஒரு வேளார் வீட்டில் ஒரு மாதம் மண் மிதிக்கட்டும். அதன் பிறகும் ஆசை இருந்தால், நீங்கள் தடுத்தாலும் நிற்க மாட்டாள்.

முதல் சூளையிலேயே என் சட்டி எல்லாம் விரிந்துவிட்டது. விட்டுவிடலாமா? (விழிதியூர் வாசகர்)

ஓடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் எடுத்துப் பாருங்கள். அடியில் பாம்பு போல் நெளிந்த விரிசல் என்றால், வனையும்போது அடிமண்ணை அழுத்தி இறுக்கவில்லை. சில்லுச் சில்லாகச் சிதறியிருந்தால் ஈரம். மெருகு பூசிய சட்டியில் விரிசலின் ஓரம் மழுங்கியிருந்தால், மெருகு உருகும் முன்பே பிளந்திருக்கிறது. ஓரம் கத்தி போல் இருந்தால் ஆறும்போது பிளந்தது. சூளையை அவசரப்பட்டுத் திறந்திருப்பீர்கள். 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு என்னைவிட நல்ல பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு அடுத்த சட்டியை வனையுங்கள்.