எல்லாம் வைரஸ் செயல்

வீட்டுக் கம்ப்யூட்டர் விண்டோஸ் வருமுன்பே பொட்டென்று அணைந்தால் தெருவே வைத்தியம் சொல்லும்: "வைரஸ்தான் சார், ஃபார்மட் அடிச்சிடுங்க." விண்டோஸே எட்டிப் பார்க்காத நேரத்தில் வைரஸ் மட்டும் எப்படி முந்திக்கொண்டது என்று கேட்கக் கூடாது, சர்வீஸ் சார்ஜ் ஏறும். உள்ளே பார்த்தால் சிபியு ஃபேனில் ஒட்டடை, தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்கு, ஹீட்சிங்கின் ஒரு கிளிப் கழன்றிருக்கும். சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பல பிராசஸர்கள் உயிர்பிழைக்க, கரண்டை நிறுத்தும்படி மதர்போர்டுக்குச் சொல்லிவிடும். அந்த வீட்டில் அப்போதைக்குப் புத்தியுள்ள ஒரே ஜீவன் அதுதான். சூடும் இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்கலாம். ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்ப்பது தனிச் சடங்கு. சில சமயம் அது பலித்துத் தொலைக்கிறது என்பதுதான் எரிச்சல். புது மவுஸ் வாங்கிப் பார்த்தவர்களும் உண்டு.