ஹைரூல் நாட்டுக் கடிகாரம்: காலநிறுத்தம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

1986 பிப்ரவரி 21 அன்று ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' வீடியோ கேமில், லிங்க் என்னும் சிறுவன் வாளோடு ஹைரூல் நாட்டில் அலைகிறான். அவன் எதிரியைக் கொன்றால், எதிரி மறைந்த இடத்தில் சில வேளை ஏதாவது ஒரு பொருள் கிடக்கும். இதயம் கிடந்தால் உயிர் கூடும். ரூபி கிடந்தால் பணம் கூடும். குண்டு கிடந்தால் குண்டு கூடும். எப்போதாவது ஒரு கடிகாரமும் கிடக்கும். அதைத் தொட்டதும் திரையிலுள்ள எதிரிகள் எல்லோரும் அப்படியே நின்றுவிடுவார்கள். முதல் மூன்றில் ஆராய ஒன்றுமில்லை. நான்காவதில் உண்டு.

2. நின்றது எது?

கடிகாரம் காலத்தை நிறுத்துகிறது என்பது பொதுவான நம்பிக்கை. இதில் உள்ள முதல் இடர்ப்பாடு, அந்த ஹைரூலில் காலமே கிடையாது என்பது. அங்கே பொழுது விடிவதில்லை, சாய்வதுமில்லை. இதை உருவாக்கிய மியமோட்டோவும் டெசூக்காவும் முந்தைய ஆண்டு உருவாக்கிய 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில், மேல்மூலையில் 400இலிருந்து எண் இறங்கிக்கொண்டே வரும். அது தீர்ந்தால் மாரியோவின் உயிரும் போகும். அந்த ஆட்டத்தில் ஒரு கடிகாரம் கிடைத்திருந்தால் நியாயம் இருந்திருக்கும். கெடு எதுவுமில்லாத ஹைரூலுக்குக் கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, எதுதான் நிற்கிறது? லிங்க் நிற்பதில்லை. அவன் வாள் நிற்பதில்லை. கோஜி கொண்டோவின் இசை நிற்பதில்லை. எதிரிகள் மட்டுமே நிற்கிறார்கள். போதாக்குறைக்கு, அவர்கள்மேல் மோதினாலும் லிங்குக்கு அடிபடுவதில்லை. காலம் நின்றால் எல்லோருக்கும் நிற்கவேண்டும். ஒருவன் மட்டும் நடமாட மற்றவர்கள் நின்றால், அதைச் சலுகை என்று சொல்வதே முறை.

3. அதிகார எல்லை

ஹைரூலின் மேல்நிலம் குறுக்கே 16, நெடுக்கே 8 என 128 திரைகளாகப் பகுக்கப்பட்டது. கடிகாரத்தின் அதிகாரம் ஒரு திரைக்கு மட்டுமே. விளிம்பைத் தாண்டினால், அடுத்த திரையில் ஆக்டோராக் என்னும் எதிரிகள் வழக்கம்போல் கல் துப்பிக்கொண்டிருக்கும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகச் சேர்த்து வைத்தது. எது பெரிது என்று தீர்ப்பளிக்கவில்லை. ஹைரூலில் ஐயத்துக்கு இடமில்லை: நிலம் மாறினால் பொழுதின் ஆணை செல்லாது.

4. காலங்கடந்த கடிகாரத் தேற்றம்

இவ்வாய்வின் மையப் பங்களிப்பு இது. கடிகாரம் கிடைக்க ஒருவனையாவது கொல்லவேண்டும். ஆகவே, திரையில் எதிரிகள் முழுமையாக இருக்கும்போது, அதாவது உண்மையில் தேவைப்படும்போது, அது கிடைக்க வழியே இல்லை. ஆறு பேரில் முதலாமவன் விட்டுச்சென்றால் ஐவரை நிறுத்தும். ஐந்தாமவன் விட்டுச்சென்றால் ஒருவனை நிறுத்தும். ஆறாமவன் விட்டுச்சென்றால் எவரையும் நிறுத்தாது. ஆனாலும் லிங்க் ஓடிப்போய் எடுப்பான். பந்தியில் கடைசி ஆளும் கை கழுவப் போனபின் வரும் அப்பளத்தின் நிலை அதற்கு.

பின்னால் ஆகட்டும் என்று சேமிக்கவும் முடியாது. குண்டைப் பையில் வைக்கலாம். கடிகாரம் தொட்ட கணமே வேலையைத் தொடங்கிவிடும். தொடாமல் விட்டாலோ சற்று நேரத்தில் மறைந்துவிடும். எனவே தேற்றம்: வெற்றி நெருங்க நெருங்க, கடிகாரத்தின் பயன் சுழியத்தை நெருங்கும்.

5. பிற்கால மரபு

பிற்காலச் செல்டா ஆட்டங்கள் இக்குறையை உணர்ந்தே நடந்திருக்கின்றன. 2000இல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்' ஆட்டத்தில் மூன்றாம் நாள் முடிவில் நிலா ஊர்மேல் விழும்; அதற்குள் லிங்க் ஒக்கரினா வாசித்து முதல் நாளுக்குத் திரும்பவேண்டும். திரும்பினால் கையிலுள்ள ரூபி, அம்பு, குண்டு எல்லாம் போய்விடும். வங்கியில் போட்ட பணம் மட்டும் அப்படியே இருக்கும். மூன்று நாளுக்கு முந்தைய வங்கிக்காரர், இன்னும் போடாத பணத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறார்! லிங்கின் உடலில் அவர் குத்தும் முத்திரையே அதற்கு ஆதாரமாம். காலத்தைவிட வங்கி உறுதியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2017இன் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' ஆட்டத்தில் ஸ்டேசிஸ் என்னும் ஆற்றல் வந்தது. அதைக்கொண்டு ஒரு பாறையை நிறுத்திவைத்து அடிக்கலாம். அடிகள் எல்லாம் கணக்கில் ஏறி, காலம் திரும்பியதும் பாறை மொத்தமாகப் பறக்கும். ஆற்றல் மேம்பட்டபின் எதிரிகளையும் நிறுத்தலாம். ஆனால் ஒரு சமயத்தில் ஒருவரை, அதுவும் சிறிது நேரத்துக்கே. பழைய கடிகாரத்தின் தாராளம் போய், சிக்கனம் வந்துவிட்டது.

6. எதிர்வாதமும் மறுப்பும்

காலத்தை உண்மையாகவே நிறுத்துவது ஸ்டார்ட் பொத்தான்தானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதை அழுத்தினால் பொருள்பட்டியல் திறக்கும். எதிரியும் நிற்பான், லிங்கும் நிற்பான். எந்த நேரமும் கிடைக்கும், எவரையும் கொல்லவேண்டாம், விலையுமில்லை. கடிகாரத்தைவிட எல்லா வகையிலும் நேர்மையான கருவி. ஆயினும் ஸ்டார்ட் பொத்தானை அழுத்திவிட்டு மகிழ்ந்து கூவியவர் எவருமில்லை. மற்றவர்களோடு நாமும் நிற்பதில் என்ன இன்பம்?

7. முடிவு

இந்தக் கடிகாரத்துக்குக் கெடுவும் கிடையாது. திரையை விட்டு வெளியேறாதவரை எதிரிகள் அசையமாட்டார்கள். ஒரு மணி நேரமானாலும் சரி, ஒரு நாளானாலும் சரி. அவசரப்பட ஒரு காரணமும் இல்லாத இடம் ஹைரூலில் அது ஒன்றுதான். அங்கே லிங்க் செய்வது என்ன? நிற்பவர்களை விறுவிறுவென வெட்டிச் சாய்த்து, சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு, கல் துப்புகிறவர்கள் காத்திருக்கும் அடுத்த திரைக்கு ஓடுகிறான். கடிகாரத்தால் எவரையும் நிறுத்த முடியும், அதை எடுத்தவனைத் தவிர என்பதே இவ்வாய்வின் முடிவு.