அடுப்புக்கும் இலைக்கும் நடுவே: உணவு அடைமொழிகள் குறித்து ஓர் ஆய்வு

நெடுஞ்சாலைப் பலகைகளையும் உணவக அட்டைகளையும் மசாலாப் பொடி பாக்கெட்டுகளின் முதுகையும் மட்டுமே ஆதாரமாக வைத்துக்கொண்டு, பிற்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் நம் சாப்பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால், தமிழ்நாட்டில் சுமாரான சமையல் என்று ஒன்று இருந்ததே இல்லை என்றுதான் முடிவு கட்டுவார். பிரியாணி எல்லாம் பாரம்பரியப் பிரியாணி, அதுவும் விறகடுப்பில் வெந்தது. எண்ணெய் எல்லாம் மரச்செக்கில் ஆட்டியது. ரசப்பொடி எல்லாம் பாட்டியின் கைப்பக்குவம். காபி எல்லாம் கும்பகோணம் டிகிரி. இத்தனை கோடி பாக்கெட்டுக்கு எத்தனை பாட்டிகள் தேவைப்படுவார்கள், அவர்களுக்கு ஓய்வு நேரம் உண்டா என்பதெல்லாம் தொழிலாளர் நலத்துறை கவனிக்க வேண்டிய விஷயம். இக்கட்டுரை நிறுவ முற்படுவது ஒரே ஒரு விதியைத்தான்: அடுப்புக்கும் இலைக்கும் நடுவே தூரம் கூடக்கூட, பண்டத்தின் பெயருக்கு முன்னால் அடைமொழியும் கூடும்.

தூரம் பூஜ்யமாக உள்ள இடம் வீடு. அங்கே அடைமொழியும் பூஜ்யம். ‘இன்று நம் வீட்டுப் பாரம்பரிய மணம் கமழும் வத்தக்குழம்பு’ என்று அறிவித்துவிட்டுக் கரண்டியைத் தூக்கும் இல்லத்தரசி இன்னும் பிறக்கவில்லை. ‘குழம்பு’ என்பதோடு சரி. சாப்பிடுகிறவர்கள் தரப்பிலும் ஆகப்பெரிய பாராட்டு, வாயே திறக்காமல் தட்டை மறுபடி நீட்டுவது. அதற்கு அடுத்தபடி, ‘பரவாயில்லை’. ஒரு படி தள்ளி, தெருமுனை இட்லிக் கடை. இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி முகத்தில் அடிக்கிற தூரத்தில் வாடிக்கையாளர் நிற்பதால், அங்கே பலகையே இருக்காது. அடுத்தது மெஸ். சமையற்கட்டு ஒரு சுவருக்கு அப்பால் போய்விடுகிறது. உடனே ‘ஹோம்லி’ என்ற ஒரு சொல் முளைக்கிறது. ஏசி உணவகத்தில் சமையற்கட்டு எந்த மாடியில் என்றே தெரியாது; அட்டையில் ஒரு பண்டத்துக்கு மூன்று சொல். கடைசியில் பாக்கெட். அடுப்பு எந்த மாவட்டத்தில் என்பதையே பொடி எழுத்தில் தேட வேண்டியிருக்கிறது. அதன் முதுகிலோ பத்தி நிறையப் பாட்டியின் புகழ். காரணம் எளிது. மூக்கும் கண்ணும் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையை, அவை இல்லாத இடத்தில் சொல் பார்க்கிறது.

இதை இன்னொரு வழியாகவும் சோதிக்கலாம். சமையலில் குறை சொல்ல நம்மிடம் இருக்கிற சொற்களைப் பாருங்கள். உப்பு தூக்கல். புளி முன்னால் நிற்கிறது. பச்சை வாசனை போகவில்லை. அடிப்பிடித்துவிட்டது. முறுக்கு நமுத்துவிட்டது, அதில் எண்ணெய்ச் சிக்கு வேறு. சாதம் குழைந்துவிட்டது. பருப்பு ஊசிவிட்டது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு நிலைமையைத்தான் குறிக்கும். நமுத்ததை ஊசியது என்று யாரும் தவறிக்கூடச் சொல்ல மாட்டார்கள். கேட்டவுடன் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்: தண்ணீர் ஊற்று, இன்னும் வதக்கு, கீழே கொட்டு. புகழ்ச்சிக்கு வருவோம். அருமை, அபாரம், அமர்க்களம், பிரமாதம். இவற்றில் எதை எடுத்து எதன் இடத்தில் வைத்தாலும் சாம்பார் மாறாது. துல்லியமான சொற்கள் அடுப்படியில் பிறந்தவை. மற்றவை பலகை எழுதுகிற இடத்தில் பிறந்தவை.

பலகைச் சொற்கள் சிலவற்றைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். ‘நளபாகம்’ என்று சைவ உணவகங்கள் ஆசையாகப் பெயர் வைக்கின்றன. வியாச பாரதத்தில் உருமாறிக் கிடந்த நளனைத் தமயந்தி அடையாளம் கண்டதற்கு ஒரு சான்று, அவன் சமைத்த இறைச்சியை வாங்கிச் சுவைத்துப் பார்த்தது. சைவ உணவகத்தார் இந்தப் பகுதியைப் படிக்காமல் இருப்பது வியாபாரத்துக்கு நல்லது. ‘அறுசுவை விருந்து’ என்றால் கைப்பும் துவர்ப்பும் வந்தாக வேண்டும். பாகற்காயும் வாழைப்பூவும் இல்லாத பந்தியில் இரண்டு சுவைக்கான பாக்கியை யாரும் கேட்பதில்லை. ‘செட்டிநாடு’ என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் உள்ள ஊர்களின் தொகுதி. உணவக அட்டையிலோ அது மிளகு கொஞ்சம் கூடுதல் என்பதற்கான குறியீடு. ‘டிகிரி’ காபிக்கு அந்தப் பெயர் வந்தது பால்மானியின் அளவால் என்பார் சிலர், முதல் டிகாக்‌ஷனால் என்பார் சிலர், சிக்கரி திரிந்து டிகிரி ஆயிற்று என்பாரும் உண்டு. மூன்று தரப்பையும் ஒரே பித்தளை டபரா சமாதானப்படுத்திவிடுகிறது.

இவற்றில் தனிக் கவனத்துக்கு உரியது ‘வாயில் வைத்தாலே கரைகிறது’. வாயின் வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் வெண்ணெய் கரையும், நெய் இளகும். ஆகவே நெய் சொட்டும் மைசூர்பாகு இந்தச் சொல்லைச் சொந்தம் கொண்டாடலாம், ஆட்சேபமில்லை. ஆனால் யூடியூப் உணவு விமர்சகர் இதைச் சொல்வது பெரும்பாலும் ஆட்டுக்கறிக்கு. கறியின் இணைப்புத் திசு இளகிக் கூழாவதற்கு 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வேக வேண்டும். விமர்சகரின் வாய் அவ்வளவு சூடாக இருந்தால் அவர் போக வேண்டிய இடம் மருத்துவமனை. நிஜமாகவே கறி கரைந்திருந்தால் அது கறியாக இல்லை, குழம்பில் சேர்ந்துவிட்டது என்று பொருள். அதே விமர்சகர் ‘மசாலா உள்ளே இறங்கியிருக்கு’, ‘உதிரி உதிரியா இருக்கு’ என்று சொல்லும்போது நாம் நம்பலாம். அவை சமையற்காரர்கள் பேசிக்கொள்ளும் சொற்கள். அவர் ‘வேற லெவல்’ என்று தொடங்கும் நொடியில்தான் நமக்கும் அந்தத் தட்டுக்கும் நடுவே உள்ள கண்ணாடித் திரை நினைவுக்கு வருகிறது. மணத்தை அலைபேசி வழியாக அனுப்ப முடியாது. அவர் பாவம், என்னதான் செய்வார்?

இந்த விதிக்கு எழக்கூடிய முதல் மறுப்பு, நட்சத்திர ஓட்டல். அங்கே சமையற்கட்டு வெகு தொலைவில். அட்டையிலோ புகழ்ச்சிச் சொல் குறைவு. இதற்கு அமெரிக்காவில் விடை இருக்கிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மொழியியலாளர் டான் ஜுராஃப்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 6,500 உணவக அட்டைகளில் இருந்த 6,50,000 பண்டங்களின் பெயர்களையும் விலைகளையும் ஆராய்ந்தார்கள். அதைத் தம் 2014ஆம் ஆண்டு நூலில் ஜுராஃப்ஸ்கி விவரிக்கிறார். ‘சுவையான’ என்பது போன்ற வெற்றுப் புகழ்ச்சி வரும் இடத்தில் விலை குறைவாக இருந்தது. சொற்களின் சராசரி நீளம் ஓர் எழுத்து கூடினால் பண்டத்தின் விலை 18 சென்ட் கூடுதலாக இருந்தது. ‘நிஜமான’ என்று வலியுறுத்துவது விலை குறைந்த இடங்களின் வழக்கம். விலை உயர்ந்த இடத்தில் நிஜமாக இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை, ஆகவே சொல்வதும் இல்லை. ஆக, நட்சத்திர ஓட்டலிலும் அடைமொழி இருக்கிறது. அது எண்ணாக மாறி, அட்டையின் வலப்புறம் அச்சாகியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு, ஊர்ப்பெயர்கள். இதில் இக்கட்டுரை உடனே விட்டுக்கொடுக்கிறது. பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இலும், மணப்பாறை முறுக்கு 2023இலும் புவிசார் குறியீடு பெற்றன. அங்கே ஊர்ப்பெயர் அடைமொழி என்ற நிலையைக் கடந்து, முகவரியாகிவிட்டது.

மூன்றாவது மறுப்பைப் புலவர்கள் எழுப்புவார்கள்: சங்க இலக்கியம் உணவை வர்ணிக்கவில்லையா? வர்ணித்தது. எங்கே என்பதுதான் கேள்வி. ஆற்றுப்படைகளில். பரிசு வாங்கித் திரும்பும் கலைஞன், பசியோடு எதிர்ப்படும் இன்னொருவனை வள்ளலின் ஊருக்கு வழிப்படுத்தும் நூல்கள் அவை. அடுப்பு நெடுந்தொலைவில், கேட்பவன் நடுவழியில். விதி இதைவிட அழகாக மெய்ப்பட முடியாது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. கரிகாலன் வீட்டு விருந்தைச் சொல்லும் பொருநராற்றுப்படை, இறைச்சியைத் தின்று தின்று பல் மழுங்கியது, உழுது தேய்ந்த கொழுவைப்போல, என்கிறது. ‘அபாரம்’ என்று சொல்லித் தப்பிக்கவில்லை, பல்லைக் காட்டுகிறது.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் கொண்டுவந்த விளம்பர ஒழுங்குமுறைகள், இயற்கையான, தூய, அசல், பாரம்பரிய போன்ற சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்று நிபந்தனை விதிக்கின்றன. வீட்டில் செய்தது என்று மயங்க வைக்கும் சொற்களுக்கும் தடை உண்டு. பாட்டியின் படத்தைப் போட்டால்? ஒன்றுமில்லை. அவர் மூக்குக்கண்ணாடியோடு சிரித்துக்கொண்டு பாக்கெட்டில் தொடர்கிறார். ஆகவே இக்கட்டுரையின் பரிந்துரை, தடையை விட்டுவிட்டு வரிக்குப் போவது: ஒவ்வோர் அடைமொழிக்கும் எழுத்துக் கணக்கில் ஒரு தொகை, பாட்டிக்கு மட்டும் மூத்த குடிமக்கள் சலுகை. ‘வேற லெவல்’ ஒன்றிலேயே கருவூலம் நிறையும். இப்போதைக்குச் சாதாரண உணவகத்தில் சாப்பாட்டுக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி; அடைமொழிக்குத் தனி வரி எதுவும் கிடையாது.