மாமனாரின் என்ஜினும் என் மதிப்பீடும்

படகுக் கடனுக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். ஓடித் தேய்ந்த என்ஜினுக்குப் புது விலை சொல்லிக்கொண்டு யாராவது வந்தால், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவரையே பார்ப்பேன். அதற்கே பாதிப் பேர் விலையைக் குறைத்துவிடுவார்கள். மீதிப் பேருக்குக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம். மிச்சத்தில் அடுத்த ஆண்டு இன்னொரு 15 சதவீதம். இப்படியே கழித்துக்கொண்டு போனால், ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கு இருபதாம் ஆண்டு முடிவில் 3,900 ரூபாய்க்கும் கீழே வந்து நிற்கும். மாமனாரின் என்ஜினை விற்க வேண்டி வந்தபோது இந்தக் கணக்கு மட்டும் எனக்கு மறந்துபோயிற்று.

அது சாதாரண என்ஜின் இல்லை என்பது என் கட்சி. டென்மார்க்கில் காலுண்ட்போர்க் என்ற ஊரில் செய்த புக் டிவி 20. இரண்டு சிலிண்டர், 20 குதிரைத்திறன், டீசல். கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளில் வைக்கிற ரகம். குஜராத்தின் அலங் கடற்கரையில் 1983-லிருந்து கப்பல் உடைக்கிறார்கள். அங்கே சாலையோரக் கடைகளில் கப்பலின் கட்டில், நாற்காலி, பீங்கான் தட்டு தொடங்கி உயிர்காப்புப் படகு வரை எல்லாம் விலைக்குக் கிடைக்கும். அப்படி எவரெவர் கையோ மாறித் தூத்துக்குடிக்கு வந்ததை மாமனார் வாங்கித் தன் வள்ளத்தில் பூட்டினார். வள்ளம் உளுத்துப்போன பிறகு என்ஜினை மட்டும் கழற்றி, கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். அவர் காலமான பின், “ஏங்க, அதை ஒரு வழி பண்ணுங்க, ஸ்கூட்டராவது உள்ள விடலாம்” என்றாள் மனைவி.

நான் முதலில் செய்தது வெளிநாட்டு விலை பார்த்தது. இங்கிலாந்தில் பாய்மர உல்லாசப் படகுக்காரர்கள் பழைய டிவி 20-ஐப் பிரித்துப் பழுது நீக்கி, பவுண்டில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். அந்தத் தொகையை ரூபாயாக்கினேன். அங்கே அவர்கள் பழுது நீக்கி விற்கிறார்கள், நான் தார்ப்பாயை நீக்கி விற்கப்போகிறேன் என்ற வித்தியாசம் உறைக்கவில்லை. பேரம் பேசுவார்களே என்று மேலே கொஞ்சம் ஏற்றியும் வைத்தேன்.

அடுத்து, காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீனவர்கள் கரையில் சும்மா இருப்பார்கள், வந்து பார்க்க நேரம் இருக்கும் என்று கணக்கிட்டு மே மாதத்தில் கொட்டகையைத் திறந்தேன். தடை விசைப்படகுக்குத்தான். என் 20 குதிரைச் சரக்கை வாங்கக்கூடிய நாட்டுப்படகுக்காரர்கள், மீனுக்கு நல்ல விலை கிடைக்கிற அந்த நாள்களில்தான் கடலே கதியென்று கிடப்பார்கள். விசைப்படகுக்காரர்களோ என்ஜினைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்கிற பருவம். ஊரில் ஒரு மெக்கானிக் கையும் ஓயாது. வாங்குபவரும் இல்லை, பார்ப்பவரும் இல்லை என்ற ஒரே பருவத்தைத் தேடிப் பிடித்திருந்தேன். படகுக் கடன் பார்த்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்டால், தெரியும்.

கிடைத்த ஓய்வில் என்ஜினுக்கு வர்ணம் அடித்தேன். உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து, பச்சை பெயிண்ட் இரண்டு கோட்டு. அம்மன் கொடைக்குச் சுண்ணாம்பு அடித்த மதில் மாதிரி பளிச்சென்று இருந்தது. ஜூன் முடிந்து ஒருவழியாக வந்த மெக்கானிக் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “பெயிண்ட் யாரு சார் அடிச்சது? நம்பர் பிளேட் எங்க?” என்றார். தேய்த்ததில் பாதி எண்ணும் பூசியதில் மீதி எண்ணும் போயிருந்தன. படகைப் பதிவு செய்யும்போது என்ஜின் எண்ணையும் எழுதுவார்கள். எண் தெரியாத என்ஜினைக் கண்டால் எவனுக்கும் திருட்டுச் சரக்கோ என்றுதான் தோன்றும். மாமனார் வாங்கிய ரசீது? நல்லவேளையாக அவர் அப்படி ஒன்று வாங்கியதே இல்லை. தொலைத்தேன் என்ற பழி எனக்கு வரவில்லை.

டேங்கில் டீசல் ஊற்றிக் கைப்பிடியால் நான் முந்தின வாரமே சுற்றிப் பார்த்திருந்தேன். டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டுச் சுற்றி, வேகம் பிடித்ததும் லீவரை விட வேண்டும். விட்டேன். தோள்பட்டைதான் விட்டுப்போயிற்று. காலியாகக் கிடந்த டீசல் குழாயில் காற்று நிற்கும், அதை முதலில் வெளியேற்ற வேண்டும். மெக்கானிக் ஒரு ஸ்பேனரால் திருகைத் தளர்த்தி ஏர் எடுத்தார். இரண்டு சுற்றில் என்ஜின் உறுமியது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது, புகை.

திரேஸ்புரத்திலிருந்து ஒருவர் பார்க்க வருவதாகச் சொன்ன அன்று, அவர் முன்னால் மக்கர் பண்ணக்கூடாதே என்று விடியற்காலையிலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்தேன். அவர் வந்ததும் உள்ளங்கையை பிளாக்கின்மேல் வைத்தார். “சூடா இருக்கே சார். ஆறட்டும்.” உட்கார்ந்து, டீ குடித்து, மாமனாரைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை பேசினார். பழைய என்ஜினின் தரம் குளிர்ந்த நிலையில் எடுக்கும் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். சூடாக்கி வைத்திருப்பவன் எதையோ மறைக்கிறான். என் என்ஜினில் மறைக்க எதுவுமே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆறிய பிறகும் சொன்னபடி எடுத்தது.

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். கடல்நீர் பம்பின் குழாயை வாளித் தண்ணீரில் விடச் சொல்லியிருந்தார் மெக்கானிக். “இதற்கு வாளி வேண்டாம்” என்றேன் நான். உயிர்காப்புப் படகு என்ஜின்களுக்கான சர்வதேச விதியைப் படித்திருந்தேனே. மைனஸ் 15 டிகிரிக் குளிரிலும் இரண்டு நிமிடத்துக்குள் ஸ்டார்ட் ஆக வேண்டும். முழுச் சுமையோடு ஆறு நாட் வேகத்தில் 24 மணி நேரம் ஓட எரிபொருள் இருக்க வேண்டும். படகு தண்ணீருக்கு வெளியே இருக்கும்போதே ஐந்து நிமிடமாவது ஓட வேண்டும். தூத்துக்குடியில் மைனஸ் 15 டிகிரியை விளக்குவதற்கே ஐந்து நிமிடம் கடந்துவிட்டது. ரப்பர் கருகும் வாடை வந்தது. பம்புக்குள் இருக்கும் இம்பெல்லர் ரப்பரால் ஆனது. அது இறைக்கிற தண்ணீர்தான் அதற்கு மசகு. விதி புது என்ஜினைப் பார்த்து எழுதியது, ரப்பரோ கொட்டகையில் காய்ந்து கிடந்தது.

“இம்பெல்லர் எங்க சார் கிடைக்கும்?” என்று கேட்டார் வந்தவர்.

“டென்மார்க்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். லேலண்ட் என்ஜினுக்கு எந்த ஊர் மெயின் ரோட்டிலும் ஸ்பேர் உண்டு. நடுக்கடலில் நின்றுபோனால் உதிரிபாகத்துக்குக் காலுண்ட்போர்க் போகிற என்ஜினை எந்த வள்ளக்காரர் வாங்குவார்?

கடைசியில் பழைய இரும்புக் கடை. டென்மார்க், அலங், உயிர்காப்பு விதி எல்லாவற்றையும் அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். “ஆயில் இறக்கிட்டியளா?” என்றார். எடைக்காகக் கேட்டிருக்கிறார். கிலோ விலைக்குப் பேசி முடித்தபின், பெரிய மனுஷத்தனமாக இருக்கட்டுமே என்று புரொப்பல்லரை இனாமாகத் தூக்கிக் கொடுத்தேன். அவர் அதைத் தராசில் வைக்கவேயில்லை. நேராகக் கடைக்குள் கொண்டுபோய் வைத்தார். திரும்பும் வழியில் சுமை ஆட்டோக்காரர்தான் சொன்னார், அது செம்பு கலந்த உலோகம், இரும்பைவிடப் பல மடங்கு விலை என்று. நகைக்கடனும் கொடுத்த வங்கி எங்களுடையது.

அண்ணாச்சி உள்ளூர் பம்புக் கடையிலேயே அதே அளவில் ஓர் இம்பெல்லர் வாங்கிப் போட்டு, ஓடுகிற என்ஜின் என்றே விற்றுவிட்டாராம். வாங்கியவர் புது செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் வைத்துக்கொண்டார் என்று கேள்வி. ஏனென்றால் கைப்பிடியைக் கொடுக்க நான் மறந்துவிட்டேன். அது என் வீட்டில்தான் இருக்கிறது. புக் டிவி 20 வைத்திருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால் சொல்லியனுப்புங்கள். விலை நீங்களே போடுங்கள். நான் போட மாட்டேன்.